கேபினுக்குள் வைத்த கேமரா யாருக்குச் சாட்சி?

லாரி ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தபடி கேபினுக்குள் பொருத்தப்படும் கேமராவைப் பற்றி இன்று பேசுகிறேன். சாலையைப் பார்க்கும் முன்பக்கக் கேமராவோடு எனக்கு வழக்கு இல்லை. விபத்து நேரத்தில் அது பெரும்பாலும் ஓட்டுநருக்குத்தான் துணை நிற்கிறது. என் பேச்சு உள்பக்கம் திரும்பிய கேமராவைப் பற்றியது. அமெரிக்காவின் பெரிய சரக்கு நிறுவனங்களில் அது பரவலாகிவிட்டது, நம் நாட்டுச் சாலைகளுக்கும் வந்துகொண்டிருக்கிறது. இந்த விவாதம் வழக்கமாக ஒரே இடத்தில் சிக்கிக்கொள்கிறது: ஒரு தரப்பு உயிர் பெரிது என்கிறது, மறு தரப்பு அந்தரங்கம் பெரிது என்கிறது, இரண்டும் உண்மை என்பதால் பேச்சு நகர்வதில்லை. நான் வேறொரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன். அந்தக் கேமரா எடுக்கும் பதிவு எந்தக் காரியத்துக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது என்று சட்டம் கோடு கிழித்திருக்கிறதா? விமானிக்கு அந்தக் கோடு உண்டு. ரயில் ஓட்டுநருக்கு ஓரளவு உண்டு. லாரி ஓட்டுநருக்கு இல்லை. அந்தக் கோடு வரும்வரை இந்தக் கேமராவைப் பாதுகாப்புக் கருவி என்று அழைப்பது பொருந்தாது என்பதே என் வாதம்.

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். கண்ணாடிக்குக் கீழோ டேஷ்போர்டின் மேலோ உட்காரும் சிறிய பெட்டி அது. அகச்சிவப்பு ஒளியில் பார்ப்பதால் நள்ளிரவிலும் முகம் அதற்குத் தெரியும். முகத்தில் கண், மூக்கு, தாடை ஆகியவற்றின் இடங்களைப் புள்ளிகளாகப் பிடித்து, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கண் எங்கே நோக்குகிறது, இமை எவ்வளவு மூடியிருக்கிறது என்று கணக்கிடுகிறது. உறக்கத்தை அளக்க இத்துறையினர் பயன்படுத்தும் அளவுகோலுக்குப் பெர்க்ளோஸ் என்று பெயர். ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் இமைகள் 80 சதவீதமோ அதற்கு மேலோ மூடியிருந்தன என்பதே அந்தக் கணக்கு. அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகத்துக்காக 1990களில் நடந்த ஆய்வுகளில் அது சோதிக்கப்பட்டு நம்பகமானது என்று ஏற்கப்பட்டது. தொடக்க காலக் கேமராக்கள் திடீர் பிரேக், கடும் குலுக்கல் போன்றவை நடந்தால் மட்டும் அதற்கு முன்னும் பின்னுமாகச் சில நொடிகளைச் சேமித்தன. இன்றைய கருவிகள் ஓடும் நேரம் முழுவதையும் அலசுகின்றன. கையில் போன் இருக்கிறதா, சீட் பெல்ட் போட்டிருக்கிறதா, முன் வண்டியோடு இடைவெளி போதுமா, கொட்டாவி வருகிறதா என்று பார்த்து ஓட்டுநருக்கு மதிப்பெண்ணும் போடுகின்றன. இத்தொழிலில் முன்னணியில் உள்ள நெட்ராடைன் 2015இல் சான் டியாகோவிலும் பெங்களூருவிலும் வேர்கொண்டு தொடங்கிய நிறுவனம். அமெரிக்க ஓட்டுநரின் இமையை அளக்கும் மென்பொருளில் இந்தியப் பொறியாளர்களின் உழைப்பும் இருக்கிறது. ஆகவே இது கடல் கடந்த விஷயம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

இந்தக் கேமரா வெற்றிடத்தில் வந்து உட்காரவில்லை. அதற்கு முன் அமெரிக்க லாரிகளில் இன்னொரு கருவி வந்தது. அதன் வரலாறு நமக்கு நல்ல பாடம். அங்கே ஒரு ஓட்டுநர் 10 மணி நேர ஓய்வுக்குப் பின் 14 மணி நேரச் சாளரத்துக்குள் அதிகபட்சம் 11 மணி நேரமே ஓட்டலாம். பல பத்தாண்டுகள் இந்தக் கணக்கைக் காகிதத்தில் ஓட்டுநர்களே எழுதினார்கள். எழுதியதெல்லாம் உண்மை இல்லை என்பது ஊரறிந்த ரகசியம். மின்னணுப் பதிவுக் கருவியைக் கொண்டுவர 2010இல் ஒரு விதி வந்தது. ஓட்டுநர்களைத் தொல்லைப்படுத்த அந்தக் கருவி பயன்படாது என்பதை அரசு உறுதி செய்யவில்லை என்று கூறி, சிகாகோவில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் அதை ரத்து செய்தது. வழக்குத் தொடுத்தவர்கள் சொந்த வண்டி ஓட்டுநர்களின் சங்கத்தினர். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றிக் கருவியைக் கட்டாயமாக்கியது. 2015 டிசம்பரில் புதிய விதி வந்து, 2017 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றம் எழுப்பிய கேள்வி வீண்போகவில்லை. ஓட்டுநரைத் தொல்லைப்படுத்துவதைத் தடுக்கும் பிரிவு புதிய விதியில் சேர்ந்தது. வேலை நேரத்தில் வண்டி இருக்கும் இடத்தை ஏறக்குறைய 1 மைல் துல்லியத்தில் குறிக்கும் கருவி, ஓட்டுநர் சொந்தக் காரியமாகப் போகும்போது 10 மைல் அளவுக்கு மங்கலாக மட்டுமே குறிக்க வேண்டும் என்றும் ஆனது. கண்காணிப்பின் கூர்மையைச் சட்டம் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பதற்கு இது நேரடிச் சான்று. ஆனால் அந்த விதி பதிவுக் கருவிக்குத்தான் பொருந்தும். முகத்தைப் பார்க்கும் கேமராவை அங்கே எந்த அரசு விதியும் கட்டாயமாக்கவில்லை. நிறுவனங்களே விரும்பி வைக்கின்றன, அதனால் அதற்கு இத்தகைய வரம்பு எதுவும் வகுக்கப்படவில்லை.

கருவி வந்தது, விபத்து குறைந்ததா? அலெக்ஸ் ஸ்காட், ஆண்ட்ரூ பால்த்ராப், ஜேசன் மில்லர் ஆகியோர் 2021இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. ஓட்டும் நேர விதியை மீறுவது நன்றாகக் குறைந்தது. விபத்துகள் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. வேக மீறல் போன்ற ஆபத்தான ஓட்டுதல், சிறிய நிறுவனங்களின் வண்டிகளில் குறிப்பாக, கூடியது. காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். நெடுந்தூர லாரி ஓட்டுநருக்கு அங்கே பெரும்பாலும் மைல் கணக்கில்தான் கூலி. 1938ஆம் ஆண்டின் தொழிலாளர் நியாயத் தரச் சட்டம் அவர்களை மிகைநேர ஊதியத்திலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. கிடங்கின் வாசலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் காத்திருக்கும் நேரத்துக்கு, குறிப்பாக முதல் இரண்டு மணி நேரத்துக்கு, பொதுவாகப் பணம் கிடையாது. 14 மணி நேரக் கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடுகிறது. காத்திருப்பில் போன நேரத்தைச் சாலையில் பிடிக்க ஓட்டுநர் வேகத்தைக் கூட்டுகிறார். காத்திருப்பு 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் சராசரியாக 6.2 சதவீதம் கூடும் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018இல் கணக்கிட்டது. ஓட்டுநரின் வேகமும் சோர்வும் இப்படிக் கிடங்கின் வாசலிலேயே தொடங்கிவிடுகின்றன. கேமரா அந்த வாசலைப் பார்ப்பதில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணியான இமையை மட்டும் பார்க்கிறது. அதனால் அதன் பதிவில் குற்றவாளியாகத் தெரிய வாய்ப்புள்ளவர் ஒரே ஒருவர்தான்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான சான்றுகளை மறைக்காமல் சொல்ல வேண்டும். வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் லாரிகளுக்குள் கேமரா வைத்து உண்மையான ஓட்டுதலைப் பதிவுசெய்து ஆராய்ந்தது. ஓடும்போது குறுஞ்செய்தி தட்டும் லாரி ஓட்டுநர் விபத்திலோ விபத்தை ஒட்டிய நிகழ்விலோ சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 23 மடங்கு என்று 2009இல் அது வெளியிட்டது. அந்த உண்மை தெரியவந்ததே கேபினுக்குள் கேமரா இருந்ததால்தான். அதே நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு ஆய்வில், நிகழ்வுப் பதிவுக் கேமராவோடு பயிற்சியும் சேர்ந்தபோது, ஒரு நிறுவனத்தில் ஆபத்து நிகழ்வுகள் 37 சதவீதமும் இன்னொன்றில் 52.2 சதவீதமும் குறைந்தன. ஓட்டுநர்கள் சார்பிலும் ஒரு வாதம் உண்டு. லாரியும் காரும் மோதினால் ஊரும் காவல் துறையும் முதலில் கைகாட்டுவது லாரியைத்தான். ஆனால் அமெரிக்க அரசின் பெரிய லாரி விபத்துக் காரண ஆய்வு, அத்தகைய மோதல்களில் முதன்மைக் காரணத்தை 56 சதவீத இடங்களில் கார் பக்கமே வைத்தது. தன் குற்றமின்மையை நிரூபிக்கப் படம் உதவுமென்றால் ஓட்டுநர் ஏன் அதை வெறுக்க வேண்டும்?

இந்தச் சான்றுகளை நான் முழுதாக ஏற்கிறேன். அவை எதை நிரூபிக்கின்றன என்பதில்தான் வேறுபடுகிறேன். அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தில் உதவுகிறது. எண்ணெய், எரிவாயுத் துறையில் பணிபுரியும் ஓட்டுநர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பின்னூட்டம் எதுவும் இல்லை. இரண்டாம் பிரிவுக்கு வண்டிக்குள் எச்சரிக்கை விளக்கு மட்டும். மூன்றாம் பிரிவுக்கு விளக்கோடு, மேற்பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைக் காட்டிப் பேசும் பயிற்சியும் உண்டு. விளக்கு மட்டும் பெற்றவர்களுக்கும் எதுவும் பெறாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பயிற்சி பெற்றவர்களின் ஆபத்தான ஓட்டுதல்தான் தெளிவாகக் குறைந்தது. ஆக, உயிரைக் காப்பது லென்ஸுக்குப் பின்னால் நடக்கும் உரையாடல். உரையாடல் என்றால் ஓட்டுநர் வாய் திறக்க வேண்டும்: நேற்று இரவு தூங்கவில்லை, கிடங்கில் ஆறு மணி நேரம் நிறுத்திவிட்டார்கள், அனுப்பியவர் கொடுத்த நேரம் எட்டாத நேரம் என்று சொல்ல வேண்டும். அதே பதிவு நாளை தன் வேலையைப் பறிக்கும் என்று தெரிந்தவர் எதையும் சொல்ல மாட்டார். தண்டனைக்கும் பயிற்சிக்கும் ஒரே பதிவைப் பயன்படுத்தினால் தண்டனை பயிற்சியைக் கொன்றுவிடும். அந்தரங்கத்தை மதிப்பது பாதுகாப்புக்கு விலையாகிறது என்ற பொதுவான எண்ணம் இங்கே தலைகீழாகிறது. இந்தத் தொழிலில் அந்தரங்கத்தைக் காக்காமல் பாதுகாப்பைப் பெற முடியாது.

அந்தரங்கம் என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்பதையும் தெளிவாக்க வேண்டும். அலுவலக மேசையும் லாரி கேபினும் ஒன்றாகாது. நெடுந்தூர ஓட்டுநர் அங்கேயே உண்கிறார், இருக்கைக்குப் பின்னால் உள்ள படுக்கையில் உறங்குகிறார், உடை மாற்றுகிறார், மனைவியோடு போனில் சண்டை போட்டுச் சமாதானம் ஆகிறார், தனிமை தாங்காமல் உரக்கப் பாடுகிறார். வாரக்கணக்கில் அவருக்கு வீடு அதுதான். பெண் ஓட்டுநருக்கு அந்தக் கண் எவ்வளவு கூடுதலான பாரம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. லாரித் தொழிலின் சொந்த ஆய்வு அமைப்பான அமெரிக்கப் போக்குவரத்து ஆராய்ச்சி நிறுவனம் 2023இல் உள்நோக்கிய கேமராவோடு வேலைசெய்யும் ஓட்டுநர்களிடமே கருத்துக் கேட்டது. பூஜ்யத்திலிருந்து பத்துவரையான அளவில் அவர்கள் கொடுத்த சராசரி ஒப்புதல் 2.24தான். இது தொழிலாளர் சங்கம் எடுத்த கணக்கு இல்லை; முதலாளிகள் பக்கமுள்ள அமைப்பின் கணக்கு. கார்னெல் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் கேரன் லெவி 2022இல் வெளியிட்ட ‘டேட்டா டிரிவன்’ நூல், இந்தக் கருவிகள் ஓட்டுநரின் உடலையும் தொழிலறிவையும் எப்படி நிறுவனத்தின் கணக்குக்குள் இழுக்கின்றன என்று விரிவாகக் காட்டுகிறது. எப்போது களைப்பு, எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத் தன் உடம்பைக் கேட்டு முடிவெடுப்பது ஒரு தொழில் திறமை. அந்தத் தீர்ப்பைப் பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, தவறு நேர்ந்தால் மட்டும் மனிதனைப் பொறுப்பாக்குவது நியாயமான ஏற்பாடு ஆகாது.

ஓட்டுநர் சம்மதித்துத்தானே வேலைக்கு வந்தார் என்பார்கள். அந்தச் சம்மதத்தின் தரத்தைப் பார்ப்போம். 2021இல் அமேசான் தன் விநியோக வேன்களில் நெட்ராடைன் கேமராக்களைப் பொருத்தத் தொடங்கியது. தங்கள் உடல் அடையாளத் தரவைச் சேகரிக்க ஓட்டுநர்கள் படிவத்தில் ஒப்புதல் தர வேண்டும், தராதவர்களுக்கு அந்த வேலை இல்லை என்ற செய்தி அந்த ஆண்டு மார்ச்சில் வெளிவந்தது. கையெழுத்துப் போட மறுத்தால் அடுப்பு எரியாது என்ற நிலையில் வாங்கும் கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? சட்டம் விரும்பினால் இந்த இடத்தில் கடுமை காட்ட முடியும் என்பதை இல்லினாய் மாநிலம் காட்டியது. 2008ஆம் ஆண்டின் அதன் உயிரியல் அடையாளத் தனியுரிமைச் சட்டம், எழுத்து மூலம் அறிவித்து ஒப்புதல் வாங்காமல் கைரேகையோ முக வடிவமோ எடுத்தால் அலட்சியத்துக்கு 1,000 டாலர், தெரிந்தே செய்தால் 5,000 டாலர் என்று இழப்பீடு வகுத்தது. சரக்கு ரயில் முனையங்களின் வாசலில் லாரி ஓட்டுநர்களின் கைரேகையை எடுத்த பிஎன்எஸ்எஃப் ரயில்வே மீது தொடுத்த வழக்கில், 45,600 ஓட்டுநர்களுக்குத் தலைக்கு 5,000 என்ற கணக்கில் 22.8 கோடி டாலர் வழங்க 2022 அக்டோபரில் ஜூரி தீர்ப்பளித்தது. பின்னர் நீதிபதி அந்தத் தொகையை ரத்து செய்தார், 2024இல் 7.5 கோடி டாலரில் வழக்கு சமரசமானது. கேபின் கேமரா விற்கும் நிறுவனங்கள் மீதும் இதே சட்டத்தின்கீழ் வழக்குகள் வந்தன. ஆனால் இந்தச் சட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒழுங்காகப் படிவம் நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டால் அது விலகிக்கொள்கிறது. சம்மதத்தை மட்டும் நம்பிய எந்தச் சட்டமும் வேலை தேவைப்படுகிறவரைக் காக்க முடியாது. அதனால்தான் பதிவின் பயன்பாட்டையே கட்டுப்படுத்தும் சட்டம் வேண்டும் என்கிறேன்.

அப்படிப்பட்ட சட்டம் கற்பனை இல்லை, வானத்தில் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. விமானி அறையின் குரல் பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கிய அமெரிக்க விமானப் போக்குவரத்து விதியே, அந்தப் பதிவை விமானிக்கு அபராதம் விதிக்கவோ உரிமத்தில் கைவைக்கவோ அரசு பயன்படுத்தாது என்றும் சொல்கிறது. விபத்து விசாரணையில் கிடைத்த குரலைப் பொதுமக்களுக்கு ஒலிபரப்பக் கூடாது. எழுத்துப் படிவம் மட்டும் வெளிவரும். அன்றாடப் பறப்புத் தரவை ஆராயும் திட்டங்களிலும், குற்றச் செயலும் வேண்டுமென்றே செய்த மீறலும் நீங்கலாக, அந்தத் தரவை நிறுவனத்துக்கோ ஊழியருக்கோ எதிரான நடவடிக்கைக்கு அரசு எடுக்காது. விமானியின் பெயரை அறியும் அதிகாரம் பெரும்பாலும் விமானிகள் சங்கத்தைச் சேர்ந்த ஒருவரிடமே இருக்கிறது. விமானியின் அறையில் படம் பிடிக்கும் கேமரா வைக்க வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000ஆம் ஆண்டிலிருந்து பரிந்துரைக்கிறது, விமானிகள் சங்கம் எதிர்க்கிறது, இன்னும் கட்டாயமாகவில்லை. ரயிலுக்கு வருவோம். பயணிகள் ரயில் என்ஜின்களில் கேமராவைக் கட்டாயமாக்க வழிசெய்த 2015ஆம் ஆண்டுச் சட்டம், அந்தப் பதிவை ஊழியர்மீது பழிதீர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னொரு வழியைக் காட்டியது. அங்கே 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதிய வாகனங்களிலும் உறக்க எச்சரிக்கைக் கருவி கட்டாயம். ஆனால் அது தொடர்ந்து பதிவு செய்யக் கூடாது, தரவு வண்டிக்குள்ளேயே மூடிய சுற்றில் இருக்க வேண்டும், கணித்த உடனே அழிய வேண்டும், மூன்றாம் நபருக்குக் கிடைக்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை விதித்தது. தூங்கும் ஓட்டுநரை எழுப்ப முதலாளியின் திரைக்குப் படம் போக வேண்டிய தேவையே இல்லை என்பதை இந்த ஒரு விதி தீர்த்துவைக்கிறது.

இதற்கு வரும் மறுப்புகள் மூன்று. வண்டி முதலாளியின் சொத்து, அதில் கேமரா வைப்பது அவர் உரிமை என்பது முதலாவது. வண்டி அவருடையதுதான், அதில் அமர்ந்திருக்கும் முகம் அவருடையது இல்லை. 2017இல் பர்புலெஸ்கு வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், முதலாளியின் கட்டளையால் பணியிடத்தில் தனிவாழ்வு பூஜ்யமாகிவிடாது என்று சொன்னது இந்த அடிப்படையில்தான். நேர்மையானவருக்கு என்ன பயம் என்பது இரண்டாவது. நேர்மையானவர் பயப்படுவது தன் தவறைக் கண்டு இல்லை. கருவியின் தவறான கணிப்பையும், தன்னால் மாற்ற முடியாத கால அட்டவணைக்குத் தானே பழி சுமப்பதையும் கண்டு பயப்படுகிறார். குற்றமின்மையை நிரூபிக்கப் படம் உதவும் என்பது சரி. அந்தப் பயனை முன்பக்கக் கேமராவே பெரிதும் தந்துவிடுகிறது. உள்பக்கப் பதிவு வேண்டுமென்றால் அதைக் கேட்டுப் பெறும் உரிமை ஓட்டுநருக்கும் இருக்க வேண்டும். மூன்றாவது மறுப்பு கனமானது: தண்டிக்கக் கூடாது என்றால் குடித்துவிட்டு ஓட்டுபவரும், போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டி ஒருவரைக் கொன்றவரும் தப்பிவிட மாட்டார்களா? மாட்டார்கள். குற்றத்தையும் வேண்டுமென்றே செய்த மீறலையும் விமானத் துறை விலக்கிவைத்ததுபோல் இங்கும் விலக்கலாம். விபத்து வழக்கில் நீதிமன்றம் ஆணையிட்டால் பதிவைத் தரலாம். நான் காக்கச் சொல்வது சோர்வையும் கொட்டாவியையும் கவனம் சிதறிய ஒரு கணத்தையும். அவை மனித உடம்பின் இயல்புகள். அவற்றைத் தண்டித்துத் திருத்திய தொழில் உலகில் எதுவும் இல்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு எந்தக் கருவியையும் எளிதில் வேண்டாம் என்று சொல்ல முடியாது. விமானிகளுக்கு இருப்பதுபோல் லாரி ஓட்டுநர்களுக்கும் ஓட்டும் நேரத்தை வரையறுக்க வேண்டும், உறக்கம் காட்டும் உணரிகளை வண்டியில் பொருத்த வேண்டும் என்று 2021 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். அந்த இரண்டில் உணரி முன்னேறியது. கனரக வாகனங்களில் உறக்க எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கும் வரைவு 2025இல் வந்தது. நேர வரையறை மட்டும் ஏட்டிலேயே நிற்கிறது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், நெடுந்தூரத் தடத்தில் அனுமதியோடு 10 மணி நேரம் என்று சொல்லியிருந்தது. சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் 2020இல் எடுத்த கணக்கெடுப்பிலோ லாரி ஓட்டுநர் ஒருவர் நாளுக்குச் சராசரியாக ஏறக்குறைய 12 மணி நேரம் ஓட்டுவதாகத் தெரிந்தது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லோடு ஏற்றி வடக்கே போகும் ஓட்டுநர்களுக்கு இந்த முரண்பாட்டை விளக்கத் தேவையில்லை. நேரத்தை அளக்காமல் இமையை மட்டும் அளந்தால் நோயை விட்டுக் காய்ச்சலைத் தண்டிக்கிறோம்.

தனியுரிமைச் சட்டம் காக்குமா? 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அதன் வழியில் வந்த 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலைவாய்ப்புக் காரியத்துக்காகவும் முதலாளியை இழப்பிலிருந்தோ சட்டப் பொறுப்பிலிருந்தோ காப்பதற்காகவும் ஊழியரின் தரவை ஒப்புதலின்றியே பயன்படுத்த இடம் தருகிறது. அதைவிடப் பெரிய ஓட்டை 11, 12ஆம் பிரிவுகளில் இருக்கிறது. தன்னைப் பற்றி என்ன தரவு இருக்கிறது என்று கேட்கவும், பிழையைத் திருத்தவும், அழிக்கவும் கோரும் உரிமை, ஒப்புதலின் அடிப்படையில் எடுத்த தரவுக்கே அங்கே கிடைக்கிறது. ஒப்புதலே கேட்காமல் எடுக்கப்பட்ட தன் முகப்பதிவைக் காட்டு என்று கேட்க லாரி ஓட்டுநருக்கு அந்தச் சட்டத்தில் வழி இல்லை. முதலாளி பார்க்கலாம், மென்பொருள் நிறுவனத்துக்குக் கொடுத்து அலசச் சொல்லலாம். முகத்துக்குச் சொந்தக்காரர் மட்டும் பார்க்க முடியாது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டு, சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரவிருக்கின்றன. திருத்தம் கோர இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை.

எனவே இந்த அவையின் முன் நான் வைக்கும் கோரிக்கை தெளிவானது. உறக்க எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கும் இறுதி விதியிலேயே, தரவு வண்டியை விட்டு வெளியேறக் கூடாது என்ற ஐரோப்பிய நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். அதற்கு மேல் பதிவு செய்ய விரும்பும் நிறுவனம், விபத்தையோ கடும் நிகழ்வையோ ஒட்டிய நொடிகளை மட்டும் சேமிக்கலாம். என்ஜின் நின்றதும் கேமராவும் ஒலிப்பதிவும் நிற்க வேண்டும். தன் பதிவைப் பார்க்கவும் மறுக்கவும் ஓட்டுநருக்கு உரிமை வேண்டும். குற்றமும் வேண்டுமென்றே செய்த மீறலும் நீங்கலாக, அந்தப் பதிவைக் கூலியிலோ வேலைநீக்கத்திலோ காட்டக் கூடாது. ஓட்டுநரின் இமையைப் பதிவு செய்யும் ஒவ்வொரு நிறுவனமும், அவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார், கிடங்கில் எத்தனை மணி நேரம் காத்திருந்தார், சரக்குக்குக் கெடு வைத்தவர் யார் என்பதையும் அதே கோப்பில் பதிவு செய்ய வேண்டும். அப்போதுதான் விபத்துக்குப் பின் முழு உண்மை வெளிவரும். கூடியிருக்கும் சங்கத்தினர் அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில் கூலிக் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே இந்த நிபந்தனைகளையும் எழுதுங்கள். சட்ட மாணவர்கள் அந்த 7, 11, 12ஆம் பிரிவுகளை எடுத்துப் படித்து, திருத்த வரைவைத் தயாரித்துத் தாருங்கள். முந்நூறு பேரைச் சுமந்து பறப்பவருக்குக் கொடுத்த பாதுகாப்பை, முப்பது டன் சுமந்து ஓட்டுபவருக்கு மறுக்க நியாயமான காரணம் ஒன்றும் இல்லை.